‘நுரையீரலில் நீர்’: இறப்புக் காரணம் எழுதும் முறை பற்றி ஓர் ஆராய்ச்சி

ஒரு மனிதனைப் பற்றி எழுதப்படும் உரைநடைகளுள் மிகச் சுருங்கியது அவனுடைய இறப்புப் பத்திரம். பெயர், வயது, ஊர், நாள் என்பவற்றோடு ‘இறப்புக்குக் காரணம்’ என்று அதில் ஒரு பகுதி உண்டு. இரண்டு மூன்று சொற்களில் அது முடிந்துவிடுவதும் உண்டு. காப்பியத்துக்கும் நாவலுக்கும் திறனாய்வு எழுதும் தமிழுலகில் அச்சொற்களைத் திறனாய்ந்து நோக்குவோர் அரியர். ஆயினும் கைம்பெண் ஒருத்திக்கு உதவித்தொகை கிடைப்பதும் கிடைக்காமற் போவதும், ஒரு தோட்டத்தில் அடுத்த சாவு தடுக்கப்படுவதும் தடுக்கப்படாமற் போவதும், அடித்தவன் அகப்படுவதும் தப்புவதும் அச்சொற்களைப் பொறுத்தே அமைகின்றன. ஒரு செய்யுளின் சொல்லை எடைபோடும் அதே கருத்தோடு இச்சொற்களையும் எடைபோட வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய காரணம் வேண்டுவதில்லை.

காரணம் மூவகை

காரணம் என்ற சொல்லைத் தமிழ் மரபு மேம்போக்காக வழங்கியதில்லை. குடத்துக்கு மண் முதற்காரணம். தண்டும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்தகாரணம் எனச் சைவ சித்தாந்தம் மூன்றாகப் பகுத்துக் கூறும். வள்ளுவரோ ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில், நோய் இன்னது என்று தெளிவதோடு மருத்துவன் நின்றுவிடாமல் அது எதிலிருந்து முளைத்தது என்பதையும் தேட வேண்டும் என்று வற்புறுத்துகிறார். நோய் வேறு, நோய்முதல் வேறு என்னும் தெளிவு தமிழ் கற்றோர்க்குப் புதியதன்று.

இறப்பைச் சான்றளிக்கும் மருத்துவரும் இப்பகுப்பைத்தான் பின்பற்றுகிறார். உயிர் பிரியும் நேரத்தில் உடலில் நிகழ்ந்தது ஒன்று. அதற்கு அடிகோலியது மற்றொன்று. உடனிருந்து விரைவுபடுத்தியது வேறொன்று. இவற்றுக்கு அப்பால், இவ்விறப்பில் பிறர் செயலோ பிறர் செய்யத் தவறியதோ உண்டா என்பது சட்டம் கேட்கும் கேள்வி. குடத்தின் உவமை இங்கே முற்றும் பொருந்தாது என்பது உண்மையே. எனினும் மண்ணைக் கேட்கும் கேள்விக்குச் சக்கரத்தை விடையாகச் சொல்லக் கூடாது என்ற அளவில் அது நல்ல வழிகாட்டி.

சான்றிதழின் படிகள்

உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் 1948இல் பன்னாட்டு நோய்ப் பட்டியல் ஆறாம் முறை திருத்தப்பட்டபோது, இறப்புக் காரணத்தை எழுதுவதற்கு ஒரு பொதுப் படிவமும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இன்றும் பல நாடுகள் பின்பற்றுவது அதன் அமைப்பையே. அதில் இரண்டு பகுதிகள் உண்டு. முதற் பகுதியில் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்திருக்கும். மேல்வரியில் உயிரை நேரே பறித்த நிலை. அதன்கீழ் அந்நிலையை உண்டாக்கியது. அதற்கும் கீழே அதனை உண்டாக்கியது. இவ்வாறு படியிறங்கி வந்து கடைசி வரியில் நிற்பதே அடிப்படைக் காரணம். சங்கிலியில் நேரே சேராது உடனிருந்து நலிவித்த பிற நோய்கள் இரண்டாம் பகுதியில் இடம்பெறும். சாவுப் புள்ளிவிவரம் தொகுப்போர் மேல்வரியை அன்று, அடிவரியையே முதன்மையாக எண்ணுகின்றனர்.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நிகழக்கூடியதை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மழை நனைத்த சரிவில் கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் வழுக்கி விழுகிறாள், இடுப்பெலும்பு முறிகிறது, சில வாரம் படுக்கையில் கிடக்கிறாள், காலில் உறைந்த இரத்தக் கட்டி ஒன்று பெயர்ந்து நுரையீரலின் குருதிக்குழாயை அடைக்க, திடீரென்று உயிர் பிரிகிறது. இதை எழுதுங்கால் மேல்வரியில் ‘நுரையீரல் குருதிக்குழாய் அடைப்பு’. அதன்கீழ் ‘கால் இரத்த உறைவு’. அதன்கீழ் ‘இடுப்பெலும்பு முறிவு’. அடியில் ‘வேலைத்தலச் சரிவில் விழுந்தமை’. மேல்வரியோடு நிறுத்தினால் அது நோயால் வந்த சாவு. அடிவரிவரை இறங்கினால் அது வேலையிடத்து விபத்து.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. மலேசியாவின் 1969ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வேலை தொடர்பான விபத்தாலோ தொழில்நோயாலோ ஒருவர் இறந்தால் அவரைச் சார்ந்தோர்க்குத் தனி உதவித்தொகை உண்டு. ‘சொக்சோ’ என்று தோட்டத்து மக்கள் வழங்குவது இதனையே. 2019 சனவரி முதல் நாள் தொட்டு அயல்நாட்டுத் தொழிலாளரும் வேலை விபத்துப் பாதுகாப்பில் சேர்க்கப்பட்டனர். கொழுந்து பறிக்கும் கைகளுள் வங்காள தேசத்தவரும் நேபாளியரும் மிகுந்துவிட்ட இந்நாளில், அடிவரியின் சொல் கடல் கடந்த குடும்பங்களின் உணவையும் தீர்மானிக்கிறது.

மேல்வரியிலேயே நின்றுவிடும் வழக்கத்துக்குத் தமிழ்ச் செய்தித்தாள்களும் துணைபோகின்றன. ‘மாரடைப்பால் மரணம்’ என்னும் தொடரை நாள்தோறும் காணலாம். மாரடைப்பு என்பது இதயத் தசைக்குக் குருதி செல்லும் குழாய் அடைபட்டு அத்தசை மடிவது. இதயம் நின்றுபோவது அதனின் வேறு. நஞ்சுண்டவனுக்கும், நீரில் மூழ்கியவனுக்கும், அடிபட்டவனுக்கும் இறுதியில் இதயம் நிற்கத்தான் செய்யும். எல்லாச் சாவுக்கும் பொதுவான ஒன்றை ஒரு சாவின் காரணமாக எழுதுவது, ‘இறந்ததால் இறந்தார்’ என்று எழுதுவதற்கு ஒப்பாகும். மூச்சு நின்றது, உறுப்புகள் செயலிழந்தன என்பனவும் அவ்வாறே. அவை சாவின் வகையைச் சொல்கின்றனவேயன்றிக் காரணத்தைச் சொல்லவில்லை.

ஒரே நீர், பல சாவுகள்

இவ்வுண்மையை விளக்குவதற்கு ‘நுரையீரலில் நீர்’ என்னும் ஒரு தொடரே போதும். சவப் பரிசோதனை செய்பவர் முதலில் புறத்தோற்றத்தைப் பார்க்கிறார். பிறகு தலை, மார்பு, வயிறு ஆகியவற்றைத் திறந்து உறுப்புகளை எடைபோடுகிறார். திசுக்களை உருப்பெருக்கியில் காண்கிறார். குருதி, சிறுநீர், இரைப்பைப் பொருள் முதலியவற்றை இரசாயனச் சோதனைக்கு அனுப்புகிறார். அப்போது நுரையீரல் கனத்து, அறுத்த இடத்தில் நுரைநீர் வடிவதைக் காணுதல் மிகுதி. ஆனால் இதயம் தளர்ந்தவனிடமும் அது காணப்படும். சிறுநீரகம் கெட்டவனிடமும் காணப்படும். பூச்சிக்கொல்லி உட்சென்றவனிடமும், ஆற்றில் மூழ்கியவனிடமும் காணப்படும். மூழ்கிச் செத்ததை உறுதிப்படுத்தத் தனியொரு அடையாளம் இல்லை என்றே மருத்துவ நூல்கள் கூறும். உடல் கிடந்த இடம், இறந்தவர் வரலாறு, பிற காரணங்கள் இன்மை ஆகியவற்றைக் கூட்டியே அம்முடிபுக்கு வர இயலும். ஆகவே நுரையீரல் நீர் ஒரு சான்று, தீர்ப்பு அன்று.

மலேசியாவில் இத்தொடர் ஒரு பெரும் வழக்கின் நடுவே நின்றது. 2009 சனவரியில், சிலாங்கூர் மாநிலத்துச் சுபாங் ஜெயாவில் ஒரு தமிழ் இளைஞர் போலீஸ் காவலில் இறந்தார். முதற் சவப் பரிசோதனை, நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது. உடலில் இருந்த காயங்களைக் கண்ட குடும்பத்தார் அதனை ஏற்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் இரண்டாம் பரிசோதனை நடந்தது. அடிகளால் தசைகள் சிதைந்தன, சிதைந்த தசைப்பொருள் குருதியில் கலந்து சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது, அதனால் மரணம் நேர்ந்தது என்று அது கண்டது. 2013இல் உயர்நீதிமன்றம் குடும்பத்தார்க்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. நுரையீரலில் நீர் இருந்தது பொய்யன்று. அஃது எங்கிருந்து வந்தது என்று கேளாததே முதல் முடிபின் குறை. நோயை நாடியவர்கள் நோய்முதலை நாடவில்லை.

சட்டமும் மருத்துவரின் மேல்வரியோடு அமைவதில்லை. மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 328ஆவது பிரிவு, ‘இறப்புக் காரணம்’ என்ற தொடருக்கு வகுத்துள்ள பொருள் தமிழாசிரியர்கள் ஊன்றிப் படிக்கத்தக்கது. உடலைப் பார்த்தோ அறுத்தோ அறியப்படும் காரணத்தோடு அது நிற்கவில்லை. அவர் எவ்வாறு இறப்புக்கு உள்ளானார் என்பதையும், பிறருடைய சட்டவிரோதச் செயலாலோ செய்யத் தவறியதாலோ அவ்விறப்பு நேர்ந்ததா, விரைவுற்றதா என்பதையும் பற்றிக் கருத்துக் கொள்ளத் தேவையான அனைத்தையும் அத்தொடரில் அடக்குகிறது. முன்னாளில் மாஜிஸ்திரேட்டுகள் நடத்திவந்த மரண விசாரணை, 2014 முதல் செஷன்ஸ் நீதிமன்ற நீதிபதிகளிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. மருத்துவர் ‘எது கொன்றது’ என்று சொல்ல, விசாரணை அதிகாரி ‘எவ்வாறு நேர்ந்தது’ என்று சொல்கிறார். இரண்டும் சேர்ந்தே முழு விடை.

கேமரன் மலையிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2013 அக்டோபர் 23ஆம் நாள் விடியற்காலையில், பெருமழையால் நிரம்பிய ரிங்லெட் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. பெர்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து வீடுகளை வாரிச் சென்றது; உயிர்ச்சேதமும் நேர்ந்தது. ‘நீரில் மூழ்கி மரணம்’ என்று எழுதினால் மருத்துவ வரி நிறைவாகிவிடும். ஆனால் மலைச்சரிவுகளைக் கண்டபடி வெட்டித் திருத்தியதால் வண்டல் இறங்கி, அணை நீர் தாங்கும் அளவு குறைந்துபோனதும், ஆற்றின் கரையை ஒட்டியே குடியிருப்புகள் பெருகியதும் அந்தச் சங்கிலியின் கீழ்ப்படிகள் அல்லவா? வெள்ளத்தை மட்டும் குற்றம் சொல்லும் சொல்லில் அவை புலப்படுவதில்லை.

‘காய்ச்சல்’ என்ற சொல்

தோட்டத் தமிழர் வரலாற்றில் இத்தகைய மேல்வரிச் சொல் எவ்வளவு விலை கொண்டது என்பதற்குச் சமவெளி இரப்பர்த் தோட்டங்களின் பழங்கணக்கே சாட்சி. 1911ஆம் ஆண்டில் ஐக்கிய மலாய் மாநிலங்களின் தோட்டத் தொழிலாளரில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 63 பேர் இறந்தனர். இறந்தோரைப் பற்றிய அக்காலப் பதிவுகளில் ‘காய்ச்சல்’, ‘பலவீனம்’, ‘இரத்தசோகை’, ‘வயிற்றுப்போக்கு’ போன்ற பெயர்கள் மலிந்திருந்தன. இவை ஒவ்வொன்றும் உண்மையாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்றே இருந்திருக்கவும் கூடும்.

கிள்ளானில் அரசாங்க மருத்துவராக 1901இல் பணியேற்ற மால்கம் வாட்சன் இந்த ஐயத்தைக் கொண்டே வேலை செய்தார். ஏட்டிலுள்ள பெயர்களை மட்டும் நம்பாமல், தோட்டத்துக் குழந்தைகளின் வயிற்றைத் தடவி, மண்ணீரல் வீங்கியவர் எத்தனை பேர் என்று எண்ணினார். மண்ணீரல் வீக்கம் மலேரியாவின் தடம். இவ்வாறு, ஏட்டில் பல பெயர்களில் சிதறிக்கிடந்த சாவுகளுக்கு ஒரு பெயர் கிடைத்தது. பெயர் கிடைத்ததும் வழியும் பிறந்தது. சமவெளியில் சதுப்பை வடித்தால் நோய் தணிந்தது. குன்றுப் பாங்கான நிலத்திலோ, காட்டை வெட்டி ஓடைகளில் வெயில் படவிட்டபோது நோய் மிகுந்தது; வெயிலேறிய தெளிநீர் ஓடையில் பெருகும் ‘அனாஃபிலிஸ் மக்குலேட்டஸ்’ என்னும் வேறு இனக் கொசு அங்கே நோயைப் பரப்பியது. அங்கே நிலத்தடிக் குழாய்களும் எண்ணெய் தெளித்தலும் தேவைப்பட்டன. ‘காய்ச்சல்’ என்று எழுதியிருந்த வரைக்கும் கொசு தப்பித்துக்கொண்டது. ‘மலேரியா’ என்று எழுதிய பின்னரும், எந்தக் கொசு என்று கேட்ட இடத்தில்தான் உயிர்கள் தப்பின.

பெரிபெரி நோயின் கதை இன்னும் நுட்பமானது. கால் வீங்கி, இதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோத்து மக்கள் மடிந்தனர். தீட்டிய வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளரிடையே அந்நோய் கொடிதாக இருக்க, புழுங்கலரிசி உண்ட தமிழரிடையே அரிதாக இருந்ததை மலாயாவில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் சுட்டிக்காட்டினார். 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெச்சர், ஒரு சாராருக்கு வெள்ளரிசியும் மற்றொரு சாராருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். 1907 முதல் பிரேசர், ஸ்டாண்டன் இருவரும் சாலை வேலைத் தொழிலாளரிடையே அதனை மேலும் உறுதிப்படுத்தினர். தீட்டும்போது கழியும் தவிட்டோடு உயிர்ச்சத்து ஒன்று போய்விடுகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ‘இதயம் நின்றது’ என்ற சொல்லோடு ஏடு மூடப்பட்டிருந்தால், சோற்றுப் பானையை எவரும் திறந்து பார்த்திருக்கமாட்டார்.

மலைத் தோட்டமும் ‘முதுமை’யும்

1929இல் ரசல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது கேமரன் மலை, சமவெளிக் காய்ச்சலிலிருந்து ஒதுங்கிய குளிர்நிலம். 1933இல் பாரத் தோட்டமும் தோன்றியது. ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்துத் தானா ராத்தாவில் இன்று அரசாங்க மருத்துவமனை உண்டு. சிக்கலான சவப் பரிசோதனை வேண்டின், உடல் ஈப்போ போன்ற நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு மலையிறக்கப்படுவதும் உண்டு. இந்தத் தொலைவே ஒரு நெருக்கடி. ‘அறுக்காமல் கொடுங்கள், இன்றே காரியம் முடிய வேண்டும்’ என்று சுற்றத்தார் மன்றாடுவது இயல்பு. அம்மன்றாட்டத்தில் துக்கம் இருக்கிறது, மரபு இருக்கிறது. அதே மன்றாட்டத்தில் அடிவரி தொலைந்துபோகும் அபாயமும் இருக்கிறது.

மலேசியப் புள்ளியியல் துறை ஆண்டுதோறும் இறப்புக் காரணங்களை வெளியிடுகையில், மருத்துவர் சான்றளித்தவை, மருத்துவர் சான்றளிக்காதவை என இரண்டாகப் பிரித்தே காட்டுகிறது. வீட்டில் நேரும் சாவுகளில் பல இரண்டாம் வகையில் சேர்கின்றன. அங்கே போலீசாரிடம் சுற்றத்தார் கூறுவதே பெரும்பாலும் காரணமாகிறது. அந்த வகையில் முதலிடம் பெறுவது 65 வயதுக்கு மேற்பட்டோர்க்கு எழுதப்படும் ‘சாக்கிட் துவா’, அதாவது முதுமை நோய். தோட்ட வழக்கில் ‘வயசாயிடுச்சு, போய்ட்டாரு’ என்பது இதன் தமிழ்.

முதுமை ஒரு பருவம். அதனைக் காரணமாக எழுதுவதில் மரியாதை இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அது கேள்வியை முடித்துவைக்கும் சொல். இங்கிலாந்தில் ஹெரால்டு ஷிப்மன் என்ற மருத்துவர் தம்மை நம்பிய நோயாளரைக் கொன்று, இறப்புச் சான்றிலும் தாமே ஒப்பமிட்டார். ‘முதுமை’ என்ற சொல்லும் அவருக்குப் பயன்பட்டது. 2000இல் அவர் தண்டிக்கப்பட்டார். 215 பேரை அவர் கொன்றார் என்று விசாரணைக் குழுவின் முதல் அறிக்கை 2002இல் கண்டது. எழுதுபவர் ஒருவராகவும் சரிபார்ப்பவர் மற்றொருவராகவும் இருக்க வேண்டும் என்ற பாடத்தை நிறைவேற்ற அந்நாட்டுக்கு நெடுங்காலம் ஆயிற்று. மரண விசாரணைக்குச் செல்லாத ஒவ்வோர் இறப்பையும் தனியொரு மருத்துவ ஆய்வாளர் பார்க்கவேண்டும் என்ற சட்டம் 2024 செப்டம்பர் 9ஆம் நாள்தான் அங்கே நடைமுறைக்கு வந்தது. சிகிச்சையளித்தவர் எழுதியதை வேறொரு மருத்துவர் ஆய்ந்து, குடும்பத்தாரிடமும் வினவி, பின்னரே பதிவுக்கு விடுகிறார். ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்போர் ஒரு பிரதியை மட்டும் நம்பாமல் பல பிரதிகளை ஒப்பு நோக்குவது போன்றது இது.

மருந்து என்னும் நஞ்சு

இனி, தமிழுக்கே உரிய ஓர் இடர்ப்பாடு உண்டு. தோட்டங்களில் களைக்குத் தெளிப்பது ‘புல் மருந்து’. பூச்சிக்குத் தெளிப்பது ‘பூச்சி மருந்து’. அவ்வேலைக்குப் பெயர் ‘மருந்து அடித்தல்’. ‘மருந்து குடித்துவிட்டாள்’ என்றால் தமிழர்க்குப் பொருள் விளங்கும்; சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பவர்க்கோ நேர்மாறான பொருள் விளங்கும். மலாய்மொழி இதில் ஒளிவு மறைவின்றிப் பேசுகிறது. புல் மருந்துக்கு அதில் ‘ராச்சுன் ரும்புட்’, அதாவது புல்நஞ்சு என்று பெயர். இத்தகைய பொருள்களைக் கட்டுப்படுத்தும் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் மலாய்ப் பெயரிலும் ‘ராச்சுன்’ என்ற சொல்லே நிற்கிறது. உயிரைக் காப்பதற்கும் கெடுப்பதற்கும் தமிழ்ப் பேச்சு ஒரே சொல்லை வைத்திருக்கிறது.

இதன் விளைவு சிறிதன்று. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை எடுத்துக்கொள்ளலாம். அது உட்சென்றால் சிறுநீரகம் கெடும். தப்பிப் பிழைத்தாற்போல் தோன்றியவருக்கும் நாட்கள் அல்லது வாரங்கள் கழித்து நுரையீரல் தழும்பேறி மூச்சு அடங்கும். இறுதியில் பார்ப்பவர் காண்பது நுரையீரல் நோய். ‘மருந்து அடிக்கப் போனவர்’ என்ற ஒரு செய்தி சரியாக மொழிபெயர்க்கப்பட்டு மருத்துவர் செவிக்கு எட்டினால், தக்க காலத்தில் சிறுநீரைச் சோதித்து நீலநிறம் காணும் எளிய சோதனைக்கு இடமுண்டு. எட்டாவிட்டால் சான்றிதழின் அடிவரி வெறுமையாகும். தெனாகானித்தா அமைப்பும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, தோட்டங்களில் நஞ்சு தெளிக்கும் பெண்களின் துன்பத்தை நாட்டுக்கு எடுத்துரைத்தது. தடையும் தளர்வுமாக மாறிமாறி வந்த பிறகு, 2020 சனவரி முதல் நாள் தொட்டு மலேசியாவில் பாராகுவாட் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. கணக்கில் வராத சாவு தடைக்கு வழிகாட்டாது. வரவேண்டுமானால் சொல் சரியாக இருக்கவேண்டும்.

‘களைக்கொல்லி’, ‘பூச்சிக்கொல்லி’ என்னும் ஆக்கங்கள் நம் பாடநூல்களில் உண்டு. கொல்லி என்ற ஈறு எச்சரிக்கையைச் சுமக்கிறது. அவற்றைப் பள்ளியில் வழக்கப்படுத்துவது தமிழாசிரியர் செய்யக்கூடிய உயிர்காப்புத் தொண்டு.

சுற்றத்தாரின் சொல்

எனினும் மக்கள் பேச்சை ஒதுக்கிவிட வேண்டும் என்பது இதனால் பெறப்படாது. நன்கு கேட்கத் தெரிந்தால் அதுவே சிறந்த சான்றாகும் என்பதற்குத் தமிழ்நாடே எடுத்துக்காட்டு. சென்னையில் 1990களின் நடுப்பகுதியில் இறந்தவர்களின் வீடுகளுக்குச் சென்று, எத்தனை நாள் காய்ச்சல், இருமலில் இரத்தம் வந்ததா, மார்வலி எந்தப் பக்கம், பீடி பிடித்தாரா என்று சுற்றத்தாரைக் கேட்டு, அவர்கள் தமிழில் கூறியதை எழுதி, மருத்துவர் படித்துக் காரணம் துணியும் முறையை வேந்தன் கஜலட்சுமியும் உடன்பணியாளரும் பின்பற்றினர். 48,000 பேரின் இறப்புகள் அவ்வாறு ஆராயப்பட்டன. காரணம் தெளிவில்லாதவை என்று ஏட்டில் கிடந்தவை பெரிதும் குறைந்தன. அத்தொடர்ச்சியில் 2003இல் வெளிவந்த ஆய்வு, ஆண்களிடையே காசநோய்ச் சாவில் ஏறத்தாழப் பாதிக்குப் புகைப்பழக்கமே பொறுப்பு என்று காட்டியது. ‘நெஞ்சு சளி கட்டிச் செத்தார்’ என்ற தாயின் சொல்லிலிருந்து இவ்வளவு தூரம் செல்ல முடிந்தது. அதை அலட்சியமாகச் சுருக்கி எழுதாமல் முழுதும் கேட்டதே அதற்குக் காரணம்.

சொல்லத் தயங்கும் சாவுகளும் உண்டு. தன்னுயிரை மாய்த்துக்கொள்ள முயன்றோரைக் குற்றவாளியாகக் கருதிய பிரிவு மலேசியத் தண்டனைச் சட்டத்திலிருந்து 2023இல்தான் நீங்கியது. ‘துர்மரணம்’ என்னும் பழஞ்சொல்லின் இழுக்கு மனத்திலிருந்து நீங்க இன்னும் காலம் செல்லும். மானத்துக்கு அஞ்சி ஒரு குடும்பம் சொல்லை மாற்றினால், அதே துயரில் இருக்கும் அடுத்த வீட்டாருக்குக் கிடைக்கவேண்டிய உதவியும் மறைந்துபோகிறது.

‘தெரியவில்லை’ என்பதும் ஒரு முடிபு

1967 மார்ச் 26ஆம் நாள், தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் புகழ்பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்ப்சன், கேமரன் மலையில் தாம் விருந்தினராகத் தங்கியிருந்த பங்களாவிலிருந்து வெளியே சென்றார், திரும்பவில்லை. போலீசாரும் இராணுவத்தாரும் பூர்வகுடியினரும் காட்டைச் சலித்தும் உடல் கிடைக்கவில்லை. 1974இல் சட்டப்படி அவர் இறந்தவராக அறிவிக்கப்பட்டார். இறந்தார் என்பது ஒரு கூற்று. எதனால் இறந்தார் என்பது மற்றொரு கூற்று. முதலாவதைச் சட்டம் காலத்தை எண்ணி ஊகித்துக்கொள்ளலாம். இரண்டாவதை ஊகித்து எழுத எவருக்கும் உரிமையில்லை. அன்று அந்த வரி வெறுமையாக விடப்பட்டது, அவ்வெறுமை நேர்மையானது.

அச்செல்வரின் வெற்று வரியைப் பற்றி நூல்கள் பல எழுந்தன. அதே மலைநாட்டில் ‘காய்ச்சல்’, ‘முதுமை’, ‘நெஞ்சடைப்பு’ என்று நிரப்பப்பட்ட எளியோரின் வரிகளைப் பற்றிக் கேள்வி எழுவது அரிது. நிரப்பப்பட்ட வரி, வெற்று வரியைவிட உண்மையானது என்று சொல்வதற்கில்லை. அறியாததை ‘உறுதிப்படுத்த இயலவில்லை’ என எழுதும் மருத்துவரும், வெளிப்படையான தீர்ப்பு வழங்க இயலாது என்று விட்டுவைக்கும் விசாரணை அதிகாரியும் பின்வருவோர்க்குக் கதவைத் திறந்து வைக்கிறார்கள். பொருந்தாச் சொல்லை இட்டு நிரப்புவோர் அதனைச் சாத்திவிடுகிறார்கள்.

தமிழாசிரியர்க்கு இதில் உரிய பங்கு உண்டு. தோட்டப் பள்ளியிலும் சிற்றூரிலும் படிவம் எழுதவும் மொழிபெயர்க்கவும் மக்கள் முதலில் நாடுவது அவர்களைத்தான். இறந்தவர் என்ன வேலை செய்தார், எங்கே விழுந்தார், எந்த ‘மருந்தை’த் தொட்டார், எத்தனை நாளாக என்ன நோவு என்பவற்றைச் சுற்றத்தார் சொன்ன சொல்லிலேயே குறித்து மருத்துவரிடம் சேர்ப்பித்தால், அது பெரிய உதவி. உடனடிக் காரணம், அடிப்படைக் காரணம், துணைக் காரணம் என்னும் மூன்று சொற்களையும் ஒன்றோடொன்று மயங்காமல் மாணவர்க்குக் கற்பிப்பதும், செய்தித்தாளில் ‘மாரடைப்பால்’ என்று காணும்போது ‘அதற்கு முன் என்ன?’ என்று கேட்கப் பழக்குவதும் கட்டுரைப் பாடத்தின் எல்லைக்கு உட்பட்டவையே. இறந்தவர்க்கு அச்சொல்லால் ஆவது ஒன்றுமில்லை. அடுத்த நாட்காலையில் அதே ஈரச் சரிவில் கூடையோடு ஏறுகிறவளுக்கே அதனால் பயன்.